ஞாயிற்றுக்கிழமைக் காயம்

மன்னிக்க வேண்டும் மேடம், சப்பாத்தோடு உள்ளே வந்துவிட்டேன். கழற்றுவதா வேண்டாமா என்று வாசலில் ஒரு நிமிடம் தயங்கி நின்றேன். நம் வீடுகளில் கழற்றுவோம், அரசாங்க அலுவலகங்களில் கழற்றுவதில்லை. நீங்களோ கம்பளம் விரித்திருக்கிறீர்கள். காவலாளி, "பரவால்ல அண்ணே, அப்படியே போங்க லா" என்றார், வந்துவிட்டேன். சொன்னால் கேட்டுக்கொள்கிற ஆள் நான்.

என் பெயர் லோகேஸ்வரன். வயது ஐம்பத்திரண்டு. சுங்கைப் பட்டாணியில் ஒரு பல் மருத்துவருக்கு மேல்மாடியில் என் அலுவலகம். பெயர் அட்டையில் 'தொழிலாளர் காயச் செலவு மேலாண்மை' என்று போட்டிருக்கும். என் தாயாருக்கு அது என்ன உத்தியோகம் என்று கடைசிவரை பிடிபடவில்லை. மெர்போக் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். "அடிபட்டவங்களுக்கு உதவி செய்யற வேலைம்மா" என்று சொல்லி வைத்திருந்தேன். அதில் பொய் இல்லை. யார் செலவில், யாருக்கு உதவி என்று அவர் கேட்கவில்லை.

நீங்கள் குணசுந்தரி மேடம்தானே? கடிதத்தில் பெயர் பார்த்தேன். தமிழில் பேசலாம் என்றது நிம்மதி. நான் அறிக்கைகளை மலாயில் எழுதுவேன், நினைப்பது தமிழில்தான்.

என் தொழில் இவ்வளவுதான். ஒரு தொழிலாளிக்கு அடிபட்டால் முதலாளிக்கு ஒன்பது வாசல் திறந்துகொள்ளும். கிளினிக், ஆஸ்பத்திரி, வேலைக்கு வராத நாள் சம்பளம், அவருக்குப் பதிலாக நிற்பவருக்கு ஓவர்டைம், இயந்திரத்தை நிறுத்திவிட்டு விசாரிக்க வரும் உங்களைப் போன்ற அதிகாரிகள். ஒரு விரல் நசுங்கினால், விரலுக்குரியவரை விட முதலாளிக்குத்தான் அதிக வலி என்று என் பயிற்சி வகுப்பில் சொல்வேன். முதல் தடவை சொன்னபோது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.

எல்லாச் செலவும் விபத்து அறிக்கையின் முதல் வரியில் பிறக்கிறது. எங்கே, எப்போது என்ற இரண்டு கேள்விகள்தான். ஆலைக்குள், வேலை நேரத்தில் என்று எழுதினால் வாசல் ஒன்பதும் திறக்கும். ஆலைக்கு வெளியே, விடுமுறை நாளில் என்று எழுதினால் ஒன்றுகூடத் திறக்காது. அதனால் முதல் வரியை நானே எழுதுவேன், வேறு யாரையும் விடமாட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எப்படியும் கேட்பீர்கள். நீங்கள் விசாரிக்கிற தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பதினான்கு வருடமாக நான்தான் செயலாளர். அங்கேயும் செலவைக் கட்டுக்குள் கொண்டுவந்தது நான்தான். பந்தல்காரரை மாற்றினேன். இந்த வருடம் தீக்குழிக்கு இரண்டு லாரி விறகு எதற்கு, ஒன்று போதும், குழியையும் நாலடி குறைக்கலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். பூசாரி முணுமுணுத்தார், கமிட்டி கையைத் தூக்கிவிட்டது.

தீமிதியைப் பற்றி எனக்கு மூடநம்பிக்கை கிடையாது. நான் படித்தவன். கரி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். ஈரக்காலோடு நிற்காமல் நடந்தால் யாருக்கும் சுடாது. பக்தனுக்கும் சுடாது, பக்தனின் பாக்கெட்டில் கைவைத்தவனுக்கும் சுடாது. ஆனால் தோட்டத்தில் இதைப் போய்ச் சொல்ல முடியுமா? சுத்தமாக விரதம் இருந்தவர் கால் சுடாது, சுட்டால் விரதத்தில் குறை என்பது அவர்கள் கணக்கு. சுட்டுவிட்டால் ஆஸ்பத்திரிக்கும் போகமாட்டார்கள். கோயில் மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்துப் போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வீட்டில் கிடப்பார்கள். அம்மா கொடுத்ததை அம்மாவே ஆற்ற வேண்டும். இருபத்தைந்து வருட அனுபவத்தில் அவ்வளவு மலிவான கிளினிக்கை நான் கண்டதில்லை.

இனி மருதம்மாள்.

நாற்பத்தெட்டு வயது. கணவர் இறந்து பல வருடமாகிறது. ஒரே மகள் சாந்தினி, சுங்கைப் பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. அந்தப் பெண் சிறுவயதில் டெங்கி வந்து இழுத்துக்கொண்டு கிடந்தபோது, பிழைத்தால் உயிருள்ளவரை தீ மிதிக்கிறேன் என்று மருதம்மாள் வேண்டிக்கொண்டாராம். ஒன்பது வருடம் மிதித்தார். ஒரு கொப்புளம் வந்ததில்லை. குழியைக் கடந்து பாலில் காலை வைத்ததும் பெண்கள் ஓடிவந்து அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். வருடத்தில் மற்ற நாளெல்லாம் அவர் தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் கூட்டுகிறவர். அந்த ஒரு நாள்தான் அவருக்குச் சொந்தம்.

போன வருட ஆடித் திருவிழா ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. திங்கட்கிழமை மஞ்சள் நீராட்டு. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி சுமாருக்கு ஆலை மேனேஜர் கூப்பிட்டார். பழக்குலைகளை ஆவியில் வேகவைக்கும் பெரிய தொட்டி ஒன்று இருக்கிறது. அதன் அடி வால்வு பிடுங்கிக்கொண்டது. கீழே உதிரிப்பழம் கூட்டிக்கொண்டிருந்த மருதம்மாளின் பூட்ஸுக்குள் கொதிநீர் இறங்கிவிட்டது. ரப்பர் பூட்ஸ் மேடம், கம்பெனி கொடுத்தது, முறைப்படி கையெழுத்து வாங்கிக் கொடுத்தது. தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும். போன தண்ணீரை வெளியேயும் விடாது.

ஆலை வாசலில் ஒரு பலகை உண்டு. 'விபத்தில்லா நாட்கள்' என்று மூன்று மொழியில். அன்று காலை அதில் 487 என்றிருந்தது. ஐந்நூறாவது நாள் வெளிநாட்டிலிருந்து எண்ணெய் வாங்குகிறவர்கள் பார்வையிட வருவதாக ஏற்பாடு. மேனேஜர் போனில் காயத்தைப் பற்றி ஒரு வரி சொன்னார், பலகையைப் பற்றி நான்கு வரி சொன்னார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன், அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது.

தோட்ட மருந்தகத்தில் மருதம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கால்களை ஈரத்துணியில் சுற்றியிருந்தார்கள். முனகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டேன்.

"அக்கா, ஞாயித்துக்கெழம தீ மிதிச்சீங்கதானே?"

"மிதிச்சேன் தம்பி. நீங்கதானே மைக்குல பேர் வாசிச்சீங்க."

"காலுல சூடு தெரிஞ்சிச்சா?"

அந்த வலியிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "நெருப்பு லா தம்பி. சூடு தெரியாம இருக்குமா?"

எழுதிக்கொண்டேன். 'ஞாயிற்றுக்கிழமை கோயில் தீமிதியில் கலந்துகொண்டார். காலில் சூட்டை உணர்ந்தார். செவ்வாய்க்கிழமை காலை வேலையிடத்தில் கடுமையான வலி இருப்பதாகத் தெரிவித்தார்.' மூன்று வாக்கியம். உங்கள் கையில் இருப்பது அதுதான். எத்தனை முறை வேண்டுமானாலும் படித்துப் பாருங்கள், ஒன்றிலும் பொய் இல்லை. அவரிடம் நீட்டியபோது, "லீவு ஃபாரமா தம்பி?" என்றார். "லீவும் இதுலதான் வருதுக்கா" என்றேன். அதுவும் உண்மை. அவருடைய வருடாந்திர விடுப்பில் பதினான்கு நாளைக் கழித்துக்கொண்டோம்.

கிளினிக்குக்கு ஏன் அனுப்பவில்லை என்று கேட்கிறீர்கள். அனுப்பினால் டாக்டர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். கரி சுட்டால் உள்ளங்காலோடு நிற்கும். கொதிநீர் கெண்டைக்கால் வரை ஏறி, எந்த மட்டத்துக்குத் தண்ணீர் நின்றதோ அங்கே கோடு போட்டிருக்கும். கோயில் காயத்துக்குக் கிளினிக் வழக்கமும் இல்லை. மருந்தகத்தில் களிம்பு தடவி, என் காரிலேயே வீட்டில் கொண்டுபோய் இறக்கினேன். படியேறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார், நன்றி சொன்னார்.

பார்த்த சாட்சிகளில் காளிதாசன் ஒருவர்தான் தமிழர். தொட்டியை இயக்குகிறவர். மற்றவர்கள் வங்காளதேசத்துப் பையன்கள், பெர்மிட்டைப் பற்றி யோசிக்கிறவர்கள். பூட்ஸை உருவியது காளிதாசன்தான். அன்று மாலை கார் நிறுத்துமிடத்தில் என்னிடம் வந்தார்.

"அண்ணே, வால்வு ஒழுகுதுன்னு ரெண்டு தரம் புக்குல எழுதினேன்."

"எழுதினது ரொம்ப நல்லது தம்பி. இன்னைக்கு அந்தத் தொட்டி யாரு பொறுப்புல இருந்துச்சு?"

அவர் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். மூன்று பிள்ளைகள், கார்க் கடன் வேறு. அதன் பிறகு என்னை எங்கே கண்டாலும் கும்பிடுவார்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அறிக்கைக்கு ஆதாரம் வேண்டும் என்று, மருதம்மாள் தீ மிதித்தார் என்பதற்குக் கமிட்டியில் மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கினேன். எதற்கு என்று கேட்டார்கள். கால் சுட்டுவிட்டது என்றேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? வெள்ளிக்கிழமைக்குள் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. ஒன்பது வருடம் சுடாத கால் இந்த வருடம் ஏன் சுட்டது என்று குழாயடியில் பேச்சு. புருஷன் இல்லாதவள், யாருக்குத் தெரியும் என்று ஒருத்தி. நெருப்பில்லாமல் புகையுமா என்று இன்னொருத்தி. பக்கத்து வீட்டு அழகம்மா, தினமும் மருதம்மாளோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவர், நாலு வீடு தள்ளிச் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனாராம். இதெல்லாம் நான் கேள்விப்பட்டேன். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அறிக்கைக்கு அது பலமாக அமைந்துவிட்டதையும் மறைக்க முடியாது. நானூறு பேர் சாட்சி சொல்லத் தயாராக இருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாந்தினி மோட்டாரில் பின்னால் உட்காரவைத்து அம்மாவை என் வீட்டுக்கு அழைத்து வந்தாள். பெண்ணை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு மருதம்மாள் மட்டும் வரவேற்பறை வரைக்கும் வந்தார். நடந்து வந்தார் என்று சொல்லமுடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார். என் மனைவி டீ போட்டுக் கொடுத்தாள். குடிக்கவில்லை.

"தம்பி, நான் ஆலையிலதானே சுட்டுக்கிட்டேன். காளி தம்பி பூட்ஸை உருவுனதுல தோலும் சேந்து வந்துச்சு. ஊருல வேற மாதிரி பேசறாங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

"எங்கக்கா சொல்றது?"

"கோயில்ல லா. மைக்குல. எனக்குக் காசு கீசு ஒண்ணும் வேணாம் தம்பி. மருதம்மா காலு தீயில சுடலன்னு ஒரே ஒரு தரம் சொல்லிருங்க."

நியாயமான கோரிக்கை. காசு இல்லை, வழக்கு இல்லை. இவ்வளவு குறைவாகக் கேட்ட தொழிலாளியை நான் சந்தித்ததே இல்லை. ஆனால் நான் மைக்கில் அதைச் சொன்னால், தீயில் சுடாத கால் பிறகு எதில் சுட்டது என்று அடுத்த கேள்வி வரும். பலகை 492இல் நின்றுகொண்டிருந்தது. அவர் மீண்டும் மீண்டும் ஊருக்குள் போய்ச் சொல்லிக்கொண்டே இருந்தாலும் ஆபத்துதான். அவர் மனம் அமைதியாக வேண்டும். அப்படி நினைத்துத்தான் பேசினேன், அந்தப் பேச்சைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்கிறீர்கள் என்று தெரியும். வார்த்தைக்கு வார்த்தை சொல்கிறேன்.

"ஆலையிலதான் பட்டுச்சு, நான் இல்லேங்கலக்கா. ஆனா நல்லா யோசிச்சுப் பாருங்க. பதினோரு வருசமா அந்த வால்வுக்குக் கீழதான் கூட்டறீங்க. ஒரு நாளாச்சும் ஒரு சொட்டு பட்டிருக்கா? தீ மிதிச்சு ரெண்டாம் நாளு. அதுவும் செவ்வாக்கெழம. அதுவும் கையில இல்ல, மொகத்துல இல்ல, காலுல. ஏன்க்கா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். டீ ஆறி ஆடை கட்டியது. கடைசியில் மிகவும் தணிந்த குரலில் சொன்னார்.

"வெரதத்துல ஏழாம் நாளு, கேன்டீன்ல வெறுஞ்சோறு எறங்கல தம்பி. சமைக்கிற மலாய்க்காரக் கக்காகிட்ட கொஞ்சம் மொளகாச் சம்பல் வாங்கித் தொட்டுக்கிட்டேன். பெலாச்சான் போடலேன்னுதான் அது சொன்னுச்சு. போட்டிருக்குமோ?"

பெலாச்சான் என்றால் கூனி இறால் விழுது. விரதத்தில் கவிச்சி. நான் ஆமாம் என்று சொல்லவில்லை மேடம். இல்லை என்றும் சொல்லவில்லை. "அது உங்களுக்கும் அம்மாவுக்கும்தானேக்கா தெரியும்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். எழுந்து போகும்போது என்னைக் கும்பிட்டார். மறுநாள் அந்தச் சம்பல் விஷயத்தைத் துணை வாக்குமூலமாக எழுதிக் கோப்பில் சேர்த்தேன். பக்கம் ஆறு.

அதன் பிறகு அவர் ஊரிடம் எதுவும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேன் என்றுவிட்டார். அவருக்கு இனிப்புநீர் இருந்தது, சர்க்கரை கூடினால் கால்புண் ஆறாது. அது எனக்குத் தெரியும், மருத்துவக் கோப்பு என்னிடம்தான் இருக்கிறது. சாந்தினி காலில் விழுந்து அழுதாளாம். "அம்மா குடுத்தத ஊசி போட்டு ஆத்தக்கூடாதுடி" என்று சொல்லி, மஞ்சளை அரைத்துப் போட்டுக்கொண்டே இருந்தாராம். பதினோராம் நாள் வாடை வந்தது. அழகம்மாதான் முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார் என்று சொன்னார்கள்.

பதின்மூன்றாம் நாள் பலகை 500 ஆனது. விருந்து நன்றாக இருந்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். காளிதாசனுக்கு முன்மாதிரித் தொழிலாளி என்று ஒரு பிஸ்கட் கூடை கொடுத்தார்கள், அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். மருதம்மாளின் பங்குக்கு ஒரு பிரியாணி பொட்டலம் கட்டி அனுப்பச் சொன்னேன். சாந்தினி வாங்கவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள்.

பத்தொன்பதாம் நாள் அந்தப் பெண் யாரையும் கேட்காமல் ஆம்புலன்ஸை வரவழைத்தாள். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். விஷம் அதற்குள் ரத்தத்தில் ஏறியிருந்தது. இருபத்தாறாம் நாள் மருதம்மாள் இறந்துபோனார். ஈமச்சடங்குக்குக் கோயில் நிதியிலிருந்து உதவித்தொகை கொடுக்க நான்தான் முன்மொழிந்தேன்.

அந்த வருடக் கடைசியில் மேனேஜர் என்னை வேறு நான்கு தோட்டங்களுக்குச் சிபாரிசு செய்தார். இப்போது என் மேசையில் கெடா மாநிலத்தில் உள்ள கோயில் திருவிழாக்களின் நாட்காட்டி இருக்கிறது, வடக்கே யான் முதல் தெற்கே கூலிம் வரை. பழக்குலை ஏற்றித் தோள் இறங்கியவருக்குத் தைப்பூசக் காவடி. முதுகில் கம்பி கிழித்தவருக்கு அலகு. நான்கு பேர்தான், அதற்கு மேல் இல்லை. ஒருவரும் சாகவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சாந்தினி உங்களிடம் கொடுத்த வீடியோவைப் பார்த்தேன். நீங்கள் இரண்டாம் முறை போட்டபோதும் பார்த்தேன். தீ மிதித்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு பத்து. மருதம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து காலை அலம்புகிறார். "காட்டும்மா, காலைக் காட்டும்மா" என்று மகள் குரல். "போடி" என்று வெட்கப்பட்டுவிட்டு, இரண்டு காலையும் தூக்கிக் கேமராவுக்குக் காட்டிச் சிரிக்கிறார். மஞ்சள் பூசிய கால். ஒரு கீறல் இல்லை.

ஆகவே ஆமாம். அது செவ்வாய்க்கிழமைக் காயம். ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியது நான். ஆலையில் பட்டதென்று தெரிந்தே மாற்றினேன். இனிப்புநீர் இருப்பது தெரிந்தும் டாக்டர் கண்ணில் படாமல் வைத்தேன். தன் பாவம்தான் என்று அவரை நம்பவைத்ததும் நான்தான், என் வீட்டு நாற்காலியில், டீ ஆறுகிற நேரத்துக்குள். அவர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் செத்தது அந்தப் பேச்சினால். தட்டச்சு செய்து கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மூன்று மொழியில் வேண்டுமானாலும் போடுகிறேன்.

ஆனால் குற்றம் என்று ஒரு வார்த்தை சொன்னீர்களே, அதைத்தான் நான் ஏற்கமாட்டேன். அதைத் தீர்மானிக்க உங்களுக்கும் மேலே ஒருத்தி இருக்கிறாள்.

இந்த ஆடியில் நான் காப்புக் கட்டிக்கொண்டேன். வாழ்நாளில் முதல் தடவை. பத்து நாள் விரதம், அலுவலகத்தில் பச்சைத் தண்ணீர், பெலாச்சான் வாடை வரும் தெருவில்கூட நடக்கவில்லை. மைக்கில் என் பெயரை வேறொருவர் வாசித்தார். காளிதாசன் பார்த்துக்கொண்டிருந்தார், அழகம்மா பார்த்துக்கொண்டிருந்தார், சாந்தினியும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மருதம்மாள் நடக்கிற இடத்தில், மூன்றாவது ஆளாக இறங்கி நடந்தேன். மறுகரையில் பெண்கள் வந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

அதனால்தான் வாசலில் தயங்கினேன். இருங்கள், சப்பாத்தைக் கழற்றுகிறேன், காலுறையையும் கழற்றிவிடுகிறேன். நான் தப்பு செய்திருந்தால் அவள் சும்மா விட்டிருப்பாளா? கொஞ்சம் குனிந்து நீங்களே பாருங்கள் மேடம், ஒரு கொப்புளம் இல்லை.